எம்.எல்.ஏ. வீட்டு டீச்சரும் ஒரு வார்னிஷ் பெஞ்சும்

சென்ற மாதம் எனக்குப் பழக்கமான ஆசிரியை ஷமீம் பானு தொலைபேசியில் அழைத்தார். திருவண்ணாமலை ஊருக்குள் ஓர் அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியையாகப் பொறுப்பேற்றிருக்கிறார். நான் வாழ்த்துச் சொல்லி முடிப்பதற்குள் பேச்சை மாற்றினார்.

“வாழ்த்தெல்லாம் இருக்கட்டும் மேடம். எங்க வீட்டுக்காரரு கவுன்சிலருக்கு நிக்கிறாரு. ஜெயிச்சுடுவாருன்னு எல்லாரும் சொல்றாங்க.”

“நல்லதுதானே?”

“இன்னா நல்லது? ஓட்டே இன்னும் போடல. அதுக்குள்ள அட்மிஷன் வேணும்னு ஸ்கூல் வாசல்ல வந்து நிக்கிறாங்க. நீங்க எப்படித்தான் சமாளிச்சீங்க? எழுதிக் குடுங்க மேடம். ஃபோன்ல சொன்னா இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுடுவேன்.”

அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்லப்போகும் சம்பவத்தில் ஷமீமும் இருந்தார். ஆனால் அன்று பள்ளிக்குள் நடந்ததுதான் அவருக்குத் தெரியும். அதன் பிறகு நடந்தது தெரியாது.

ஆசிரியப் பணிக்கு வருவதற்கு முன்னால் வேலூரில் ஒரு நாளிதழில் இருந்தேன். மாவட்டச் செய்திகளைத் திருத்தும் வேலை. சம்பளம் கம்மி, திட்டு ஜாஸ்தி. அங்கே இருந்த செய்தி ஆசிரியர் வெற்றிலை போடுபவர். ஆகையால் குறைவாகத்தான் பேசுவார். ஊர்ப் பெரிய மனிதர் யாரைப் பற்றியாவது செய்தி வந்தால், தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, “பேர மூடிட்டுப் படிம்மா” என்பார். நிஜமாகவே கட்டைவிரலால் பெயரை மறைக்க வேண்டும். பெயர் மறைந்த பிறகும் அது செய்தியாக இருந்தால் அச்சுக்குப் போகும். இல்லையென்றால் குப்பைக்கூடை. வேறு விதிகளும் சொல்லிக்கொடுத்தார். இந்த ஒன்றுதான் கையோடு தங்கிவிட்டது.

பிறகு பி.எட்., தேர்வு, பணி நியமனம், ஊர் ஊராக மாறுதல். இவற்றில் சொல்ல எதுவும் இல்லை. எல்லோருக்கும் நடப்பதுதான். இடையில் திருமணம். என் கணவர் திருவண்ணாமலை நீதிமன்றத்தில் வழக்கறிஞர். கட்சியில் இருந்தார், ஆனால் நாங்கள் மணந்தபோது மேடையின் கடைசி வரிசையில்கூட அவருக்கு நாற்காலி போடமாட்டார்கள். நான் வரலாற்றுப் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆண்டுகளில் அவர் அந்த வரிசைகளை ஒவ்வொன்றாகக் கடந்து முன்னால் வந்தார். ஒருநாள் பக்கத்துத் தொகுதியில் நிற்கச் சொன்னார்கள். நின்றார், வென்றார்.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு பெயர்கள். பள்ளியில் மேடம். வீட்டு வாசலில் அண்ணி.

கட்சிக்காரர்களுக்குத் தலைவரின் மனைவி அண்ணிதான். வயது, உறவு எதுவும் கணக்கில்லை. என்னைவிட மூத்தவர்களும் அப்படித்தான் அழைத்தார்கள். அந்த அழைப்பில் அன்பு இருந்தது. அதில் ஒரு கணக்கும் இருந்தது. அண்ணி என்றால் குடும்பம்; குடும்பம் என்றால் ‘முடியாது’ என்று சொல்லக்கூடாது. அதனால் முதல் வாரத்திலேயே ஒரு விதி வைத்தேன். பள்ளி கேட்டைத் தாண்டி உள்ளே வருபவர்கள் மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும். அண்ணி என்று கூப்பிட்டால் பதில் வராது. பெரும்பாலானவர்கள் பழகிக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் கடைசிவரை பழகவில்லை. ஒன்றியச் செயலாளர் ஏழுமலை.

அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் சால்வை.

தலைமை ஆசிரியை ஆன பிறகு என் பள்ளியில் மாணவிகளுக்கு சைக்கிள் வழங்கும் விழா வந்தது. சிறப்பு விருந்தினர் ஏற்பாடாகி, கடைசி நேரத்தில் அவர் வர முடியாமல்போய், பதிலுக்கு வந்தவர் என் கணவர். விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்துவது தலைமை ஆசிரியரின் வேலை. மைதானத்தில் ஐந்நூறு பிள்ளைகள். ஆசிரியைகள் எல்லோரும் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் சால்வையை விரித்து, “மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே” என்று ஆரம்பித்தேன். அவர் பணிவாகத் தலையைக் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, “டீச்சர், காலையில சட்டினியில உப்பு ஜாஸ்தி” என்றார். முகத்தில் ஒரு கோடு மாறவில்லை. எனக்கும் மாறவில்லை. சால்வையைக் கொஞ்சம் இறுக்கிப் போர்த்தினேன்.

இப்படிச் சிரிப்பாகப் போனவையும் உண்டு. ஆனால் வெளியே சொல்லாத ஒரு வழக்கம் எனக்குள் வளர்ந்தது. எங்களுக்கு வேண்டியவர்கள் யாராவது முன்னால் வந்து நின்றால் நான் ஒரு படி தள்ளி நிற்பேன். சலுகை காட்டினேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. நல்ல வழக்கம் என்றுதான் நானும் நினைத்தேன். நேர்மையும் தள்ளி நிற்பதும் ஒன்றல்ல என்று காட்டியது ஒரு பொதுத்தேர்வுதான்.

அப்போது எங்களுக்கு இருந்த முதன்மைக் கல்வி அலுவலர், அதாவது சி.இ.ஓ.வைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. இயற்பியல் ஆசிரியராக இருந்து மேலே வந்தவர். பள்ளிக்கு ஆய்வுக்கு வந்தால் தலைமை ஆசிரியர் அறைக்கு வரமாட்டார். நேராகப் பிள்ளைகளின் கழிப்பறைக்குப் போவார். அங்கே தண்ணீர் வந்தால் மற்றவற்றை மெதுவாகப் பார்க்கலாம் என்பார். கத்தமாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேள்வி கேட்பார். பதில் சொன்னதும் அதே கேள்வியை மறுபடி கேட்பார். பிறகு மூன்றாவது முறையும். புதியவர்கள் அவருக்குக் காது மந்தம் என்று நினைப்பார்கள். எனக்குப் புரிய சில காலம் ஆயிற்று. முதல் பதில் நாம் தயாரித்துக் கொண்டுவந்தது. இரண்டாவது நம் பயம். மூன்றாவது முறைதான் நடந்ததைச் சொல்வோம்.

என் கணவர் வென்ற பிறகு அந்த அலுவலரை முதல்முறை பார்க்கப் போனபோது எல்லோரும் இருந்த அறையில் என்னைப் பார்த்து, “உங்க ஸ்கூல்ல குழாய் ரிப்பேர் ஆயிடுச்சா?” என்று மட்டும் கேட்டார். வாழ்த்துச் சொல்லவில்லை. அன்று எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது.

அந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு என்னை ஊருக்குள் இருக்கும் வேறொரு பழைய பள்ளியில் முதன்மைக் கண்காணிப்பாளராகப் போட்டார்கள். தேர்வு மையத்துக்கு முழுப் பொறுப்பு முதன்மைக் கண்காணிப்பாளர்தான். உறவினர் பிள்ளைகள் யாரும் அங்கே எழுதவில்லை என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். கொடுத்தேன். உண்மைதான். ஆனால் ஏழுமலையின் மகள் பவித்ரா அந்த மையத்தில்தான் எழுதினாள். உறவு இல்லை. அவள் அப்பாவுக்கு நான் அண்ணி, அவ்வளவுதான்.

தேர்வு நாளின் காலை ஒரு கடிகாரம்போல நடக்கும். போலீஸ் துணையோடு வினாத்தாள் கட்டு வரும். எந்த ஆசிரியர் எந்த அறைக்கு என்று குலுக்கல் போடுவோம். யாருக்கு எந்த அறை என்று அந்த நிமிடம்வரை எனக்கும் தெரியாது. சீட்டை எடுத்தவர்கள் நேராக அறைக்குப் போய், பிள்ளைகள் வருவதற்கு முன் ஒவ்வொரு பெஞ்சையும் பார்க்க வேண்டும். பெஞ்சில் ஏதாவது எழுதியிருந்தால் துடைக்க வேண்டும். இயற்பியல் தேர்வன்று பவித்ரா இருந்த அறை, அறைக் கண்காணிப்பாளராக வந்திருந்த ஷமீமுக்கு விழுந்தது. ஷமீம் மேலோட்டமாகப் பார்ப்பவர் அல்லர். குனிந்து குனிந்து எல்லாப் பெஞ்சையும் பார்த்தார். ஒன்றும் இல்லை.

தேர்வு பாதி நடந்துகொண்டிருந்தபோது பறக்கும் படை வந்தது. வந்தவர் வேறு ஊர் ஆசிரியர். ஒல்லியான, கவனமான மனிதர். அறைக்குள் போய் ஓரமாக நின்று பார்த்தார். அதற்குள் வெயில் ஏறி ஜன்னல் வழியாகச் சாய்வாக விழ ஆரம்பித்திருந்தது. அந்த வெளிச்சத்தில் பவித்ராவின் பெஞ்சில், அவள் தாளுக்கு ஓரத்தில், வெளிர்நீல எழுத்து தெரிந்தது. போய்த் தாளை நகர்த்தினார். இயற்பியல் சூத்திரங்கள்.

என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனபோது விடைத்தாள் அவர் கையில் இருந்தது. பவித்ரா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். ஷமீம் பக்கத்தில் நின்றிருந்தார்.

“நான் எழுதல மேடம்” என்றாள் பவித்ரா.

“எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க” என்றார் படை அதிகாரி. அவர் குரலில் கோபம் இல்லை. அதற்குள் வராந்தாவில் நின்ற பள்ளி ஊழியர் ஒருவர் அவர் பக்கம் குனிந்து, “ஒன்றியச் செயலாளர் பொண்ணுங்க சார்” என்றார்.

படை அதிகாரி என்னைப் பார்த்தார். நான் யார் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

“அப்படிங்களா? அப்ப நீங்களே சொல்லுங்க மேடம். இன்னா பண்ணலாம்?”

இந்த இடத்தை ஷமீம் கவனித்துப் படிக்க வேண்டும். குற்றம் உறுதியானால் அந்தப் பெண் அன்றைய தேர்வை இழந்து வெளியே போவாள். மற்ற தேர்வுகளும் போகும். அடுத்து எப்போது எழுதலாம் என்பதை வேறு யாரோ முடிவு செய்வார்கள். என் பழைய வழக்கம் சொன்னது: தள்ளி நில், படையே பார்த்துக்கொள்ளட்டும். அப்படிச் செய்தால் ஊர் என்னை மெச்சும். எம்.எல்.ஏ. மனைவி கட்சிக்காரர் மகளையே விடவில்லை என்று பேசும். அவளை விட்டால் என்ன பேசும் என்பதும் தெரியும்.

“தாளக் குடுங்க சார்” என்றேன்.

கொடுத்தார். முகப்பில் அவளுடைய படமும் பெயரும் அச்சாகியிருந்தன. கட்டைவிரலை அதன்மேல் வைத்தேன். அது யோசித்துச் செய்தது இல்லை. வேலூரில் பழகிய கை. பெயர் மறைந்த பிறகு என் முன்னால் இருந்தது ஒரு மாணவி, ஒரு பெஞ்சு, அதில் ஓர் எழுத்து. அவ்வளவுதான். அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது எழுத்தை.

கைக்குட்டையை நனைத்து வரச்சொல்லித் தேய்த்தேன். எழுத்து அசையவில்லை. கைக்குட்டையில் மை ஒட்டவில்லை. நகத்தால் சுரண்டினேன். நகம் வழுக்கியது. முகத்தைப் பெஞ்சுக்கு அருகில் கொண்டுபோய் ஜன்னல் பக்கமாகப் பார்த்தேன். பளபளப்பு எழுத்துக்கு மேலே இருந்தது. எழுத்து அதற்கு அடியில் இருந்தது.

“சார், நீங்களும் தேய்ச்சுப் பாருங்க.”

அவர் தேய்த்தார். சுரண்டினார். சிரிப்புப் போய்விட்டது.

“வார்னிஷ் மாதிரி இருக்குங்களே.”

“ஆமா சார். சி.இ.ஓ.வக் கூப்பிடுவோம். அவர் வர்ற வரைக்கும் இந்தப் பொண்ணு வேற பெஞ்சுல உட்கார்ந்து எழுதட்டும்.”

“விதிப்படி தாள் என்கிட்ட இருக்கணும் மேடம்.”

“தெரியும். நான் திருப்பிக் குடுத்தேன்னு எழுதிக்குங்க. பொறுப்பு என்னுது.”

தாளை அவளிடம் கொடுத்தேன். முதல் வரி கோணலாகப் போனது. அதன்பிறகு நேராக எழுதினாள்.

முதன்மைக் கல்வி அலுவலர் அருகில் ஏதோ மையத்தில் இருந்ததால் சீக்கிரம் வந்தார். வராந்தாவில் நின்று கண்ணாடியைக் கழற்றினார்.

“இன்னா நடந்தது மேடம்?”

“சார், முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இந்தப் பொண்ணோட அப்பா எங்க வீட்டுக்காரரோட கட்சி. தினமும் எங்க வீட்டுக்கு வர்றவர். அதனால நான் சொல்றத நீங்க அப்படியே...”

“இன்னா நடந்தது மேடம்?”

“நான் தாளத் திருப்பிக் குடுத்தது தப்பா இருந்தா, என்மேல நடவடிக்கை எடுங்க சார். அறைக் கண்காணிப்பாளர் மேல வேணாம். அவங்க காலையில பார்த்தாங்க.”

கண்ணாடியைத் துடைத்து முடித்து மாட்டிக்கொண்டார்.

“மேடம், நீங்க யாரோட சம்சாரம்னு நான் கேக்கல. பெஞ்சுல இன்னா இருந்ததுன்னு கேட்டேன்.”

“பழைய எழுத்து சார். வார்னிஷுக்கு அடியில இருக்கு. தேய்ச்சா வரல. அந்தப் பொண்ணு எழுதல.”

“ம். இதுதான் பதில்.”

உள்ளே வந்தார். வயதுக்கும் பதவிக்கும் பொருந்தாத விதத்தில் அந்தக் குட்டிப் பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தலையைச் சாய்த்து எழுத்தைப் படித்தார். பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்ததால் சிரிப்பைக் கையால் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

“யோவ்,” என்றார் படை அதிகாரியிடம், “கெப்பாசிட்டர் சூத்திரத்த ரெசிஸ்டன்ஸுக்குப் போட்டு வெச்சிருக்கான்யா. இதப் பார்த்து எழுதினா பாஸே ஆக முடியாது. எழுதினவன் எந்த வருஷம் ஃபெயிலானானோ.”

பிறகு பள்ளி ஊழியரைக் கூப்பிட்டு பெஞ்சுகளுக்கு எப்போது வார்னிஷ் அடித்தார்கள் என்று கேட்டார். மூன்று முறைதான்.

எங்கள் ஊர்ப் பள்ளிகளுக்கு என்று ஒரு வழக்கம் உண்டு. கார்த்திகைத் தீபத்துக்கு வெளி மாவட்டங்களிலிருந்து வரும் போலீசாரைப் பள்ளி அறைகளில்தான் தங்கவைப்பார்கள். பெஞ்சுகள் எல்லாம் வெளியே அடுக்கப்படும். அந்தக் கார்த்திகையில் மழை பெய்து பெஞ்சுகள் ஊறிவிட்டன. தீபம் முடிந்ததும் பெற்றோர் ஆசிரியர் கழகம் ஆள் வைத்து வார்னிஷ் அடித்தது. அடித்தவர் மேலே இருந்த எதையும் சுரண்டவில்லை. பல ஆண்டுகளாகப் பிள்ளைகள் எழுதிய காதலும் சூத்திரமும் அப்படியே உள்ளே பாதுகாக்கப்பட்டுவிட்டன. மங்கலான வெளிச்சத்தில் எதுவும் தெரியாது. வெயில் சாய்வாக விழுந்தால் மட்டும் மேலே வரும். ஷமீம் காலையில் பார்த்தபோது வெயில் அந்தப் பக்கம் வரவில்லை.

படை அதிகாரி தன் குறிப்பில் இதையெல்லாம் எழுதி, தயங்காமல் கையெழுத்துப் போட்டார். போகும்போது என்னிடம், “நான் சிரிச்சிருக்கக் கூடாது மேடம்” என்றார். நல்ல மனிதர். பவித்ரா இழந்த நேரத்தைத் திருப்பித் தரும் அதிகாரம் எங்களில் யாருக்கும் இல்லை. அந்தப் பெஞ்சை மட்டும் தனியே எடுத்து, தேர்வுகள் முடியும்வரை பொருள் அறையில் வைக்கச் சொல்லிவிட்டுப் போனார் முதன்மைக் கல்வி அலுவலர்.

ஷமீமுக்குத் தெரிந்தது இதுவரைதான்.

அன்று மாலை நான் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும்போதே ஏழுமலை வாசலில் நின்றிருந்தார். கரை வேட்டி, கையில் தட்டு. ஆப்பிள், சாத்துக்குடி, பூ, ஒரு டப்பா மைசூர்பாகு. பின்னால் பவித்ரா.

“அண்ணி, உங்க உதவிய ஏழு ஜென்மத்துக்கும் மறக்க மாட்டோம்.”

“நான் எந்த உதவியும் பண்ணலீங்க. உங்க பொண்ணு எந்தத் தப்பும் பண்ணல. தட்ட எடுத்துக்கிட்டுப் போங்க.”

ஏழுமலை திரும்பி வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். பிறகு கண்ணடித்தார்.

“புரியுது அண்ணி. வெளியில நாமளும் அப்படித்தான் சொல்லணும்.”

“வெளியில இல்லீங்க. நிஜமாவே அவ எழுதல.”

“விடுங்க அண்ணி, வயசுப் பசங்க, ஒரு பயத்துல ஏதோ கிறுக்கிடறாங்க. நீங்க இருந்ததால தப்பிச்சது. ஒரே ஃபோன்ல சி.இ.ஓ.வயே வர வெச்சிட்டீங்களே! நம்ம ஆளுங்க கிட்டல்லாம் சொல்லிட்டேன். அண்ணின்னா அண்ணிதான்னு அசந்துட்டானுங்க.”

நான் பவித்ராவைப் பார்த்தேன். படை அதிகாரி தாளைப் பிடுங்கியபோது அழாத பெண் இப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழுமலை கெட்டவர் அல்லர். யாருக்காவது ஆஸ்பத்திரி, யாருக்காவது பட்டா என்று நாள் முழுதும் அலைபவர். ஆனால் சிபாரிசு இல்லாமல் ஒரு காரியம் நடக்கும் என்று அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. மகள் தப்பித்தாள் என்றால் யாரோ தப்பிக்க வைத்திருக்க வேண்டும். தப்பிக்க வைத்தார்கள் என்றால் அவள் மாட்டியிருக்க வேண்டும். அந்தப் பெருமையை ஊரெல்லாம் சொல்லி, தன் மகளைத் தானே திருடியாக்கிவிட்டார். அது அவருக்குத் தெரியவே இல்லை.

அவருக்குப் பெஞ்சை அன்றே காட்ட முடியாது. தேர்வு நடக்கும்வரை மையத்துக்குள் வெளியாட்களை விடக்கூடாது. அதனால் பவித்ராவிடம் சொன்னேன்.

“மிச்சப் பரீட்சய நல்லா எழுதும்மா. கடைசிப் பரீட்சை முடிஞ்ச மறுநாள் அப்பாவக் கூட்டிக்கிட்டு ஸ்கூலுக்கு வா.”

“வந்து இன்னா பிரயோஜனம் மேடம்? நான் சொன்னாலே நம்பலயே.”

“அதான் வரச் சொல்றேன்.”

தட்டு திரும்பிப் போனது. என் கணவர் உள்ளே சோபாவில் இருந்தார். அவருக்கு மத்தியானமே எல்லாத் திசையிலிருந்தும் தொலைபேசி வந்திருக்கும். வீட்டில் பள்ளிப் பேச்சு இல்லை என்பதும் எங்கள் விதி. அன்று மட்டும் அவர் அதை மீறினார்.

“டீச்சர், அந்தப் பொண்ணு எழுதுச்சா?”

“பரீட்சையா, பெஞ்சுலயா?”

“பெஞ்சுல.”

“இல்ல.”

“அப்ப சரி. ஏழுமல கிட்ட நான் சொல்லட்டுமா?”

“நீங்க சொன்னா அதையும் சிபாரிசுன்னுதான் நினைப்பாரு.”

யோசித்துப் பார்த்துவிட்டு, “அதுவும் கரெக்ட்தான்” என்று செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

அடுத்த வாரங்களில் செங்கம் சாலைக் கடைகளிலும் பேருந்து நிலையத்திலும் கதை நன்றாக வளர்ந்தது. ஒரு வடிவத்தில் நான் அமைச்சருக்கே ஃபோன் போட்டிருந்தேன். இன்னொன்றில் பெஞ்சையே எரித்துவிட்டேன். காய்கறிக் கடைக்காரர் எனக்குக் கூடுதலாகக் கொத்தமல்லி போட்டுவிட்டு, “எம்பையனும் அடுத்த வருஷம் ப்ளஸ் டூங்க” என்றார். இத்தனை ஆண்டுகளாக எந்தப் பேச்சுக்குப் பயந்து தள்ளித் தள்ளி நின்றேனோ அந்தப் பேச்சு வந்தேவிட்டது. வந்த பிறகு பார்த்தால் சாப்பாடு இறங்கியது, தூக்கமும் வந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது. என்னை உறுத்தியது அந்தப் பெண் ஒருத்திதான். மற்ற தாள்களை எழுத வரும்போதெல்லாம், உட்காருவதற்கு முன் தன் பெஞ்சைக் கைக்குட்டையால் துடைத்துக் காட்டிவிட்டு உட்கார்ந்தாள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

தேர்வுகள் முடிந்த மறுநாள் இருவரும் வந்தார்கள். பொருள் அறையைத் திறக்கச் சொல்லி, பெஞ்சை வராந்தாவில் வெயில் விழும் இடத்தில் போடச் சொன்னேன்.

“இன்னா அண்ணி இது, என்ன திரும்பப் பள்ளிக்கூடத்துல சேர்க்கப் போறீங்களா?”

அவர் அண்ணி என்றதால் நான் பதில் சொல்லவில்லை. பெஞ்சைக் காட்டினேன். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முழங்கால் இடித்தது. வெயிலில் எழுத்து பளிச்சென்று தெரிந்தது.

“தோ இருக்குதே!” என்றார், ஜெயித்தவர்போல.

“அழிங்க.”

“எதுக்கு?”

“உங்க பொண்ணு எழுதினதுதானே. நீங்களே அழிச்சுடுங்க.”

விரலால் தேய்த்தார். எச்சில் தொட்டுத் தேய்த்தார். துண்டை எடுத்து அழுத்தித் தேய்த்தார். நகத்தால் சுரண்டினார். கடைசியில் இடுப்பிலிருந்து பைக் சாவியை எடுத்துக் கீறினார். சாவி கீறிய இடத்தில் வார்னிஷ் சுருளாக எழுந்து வந்தது. எழுத்து அதன் கீழே அப்படியே இருந்தது. அவருடைய கை நின்றது. சுருளை விரலில் எடுத்துப் பார்த்தார். அவர் சொந்த வீட்டுக் கதவுக்கு வார்னிஷ் அடித்தவர்தானே. எதன் மேல் எது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

“இது எப்ப அடிச்சது?”

“தீபம் முடிஞ்சதும்” என்றார் பள்ளி ஊழியர்.

ஏழுமலை மகள் பக்கம் திரும்பினார். மேடையில் மைக் கிடைத்தால் விடாதவரின் குரல் இறங்கியிருந்தது.

“ஏம்மா பவி, எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னேனேப்பா. நீதான் அண்ணி பார்த்துக்கிட்டாங்க, விடுன்னு சொன்ன.”

“திரும்பச் சொல்லியிருக்கலாம் இல்ல?”

“யார்கிட்டப்பா சொல்றது? நீ அதுக்குள்ள ஊருக்கே சொல்லிட்ட.”

அவர் பெஞ்சை விட்டு எழவில்லை. சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார். யாரிடமோ சிபாரிசு கேட்கப் போகிறாரோ என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது.

“டேய், நான்தான்டா. அன்னிக்கு நம்ம பொண்ணு விஷயமா ஒண்ணு சொன்னேன் இல்ல, அது தப்பு. அவ எழுதவே இல்ல. எவனோ எப்பவோ எழுதினது. நான் என் கண்ணால பார்த்துட்டேன். யாரும் காப்பாத்தலடா, காப்பாத்தறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல. நீ யார் யார்கிட்ட சொன்னியோ அவங்ககிட்டல்லாம் சொல்லிடு.”

வைத்தார். அடுத்த எண்ணைத் தேடினார். மறுபடி அதே பேச்சு. பிறகு இன்னொருவர். அந்தப் பக்கத்தில் யாரோ கேலி செய்திருக்க வேண்டும், “வெளியில சொல்றதுக்கு இல்லடா மடையா, நெஜமாவே!” என்று கத்தினார். பவித்ரா தூணில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் எப்போதோ அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“போதும்பா, விடு.”

“இரும்மா. அடி அண்ணாமல கிராமத்துப் பக்கம் இன்னும் சொல்லல.”

எல்லாம் முடித்து எழுந்தபோது வேட்டியில் வார்னிஷ் தூள். தட்டிவிட்டுக்கொண்டார். மகளைக் கூட்டிக்கொண்டு கேட் பக்கம் நடந்தார்.

அந்தப் பெண் அந்தத் தாளில் நல்ல மதிப்பெண்ணே வாங்கினாள். இழந்த நேரத்தின் அடையாளம் அதில் தெரிந்தது. ஆனால் அவள் கேட்ட படிப்பு கிடைக்கப் போதுமானது. நான் ஓய்வுபெற்றேன். இந்த முறை தேர்தலில் நிற்க என் கணவருக்குக் கட்சி சீட் கொடுக்கவில்லை. பட்டியல் வந்த அன்று அவர் நிம்மதியாகத் தூங்கினார். நானும் அப்படித்தான். இப்போது மாலையில் இருவரும் மலையோரமாக நடக்கிறோம். டீக்கடையில் யாரும் எழுந்து நிற்பதில்லை. சட்டினி உப்பைப் பற்றி அவர் சத்தமாகவே புகார் சொல்கிறார்.

ஷமீம், உங்கள் கணவர் ஜெயிக்கட்டும். வாசலில் செருப்புகள் நிறையும், தட்டுகள் வரும், நீங்கள் எதைச் செய்தாலும் அதற்கு ஒரு கதை கட்டுவார்கள். கட்டட்டும். தள்ளி நிற்காதீர்கள். பெயரை மட்டும் மூடிக்கொண்டு பெஞ்சைப் பாருங்கள்.

அன்று ஏழுமலை கேட்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். மறந்துபோன பைக் சாவி பெஞ்சிலேயே கிடந்தது. எடுத்துக்கொண்டு, மகள் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, இரண்டு கைகளையும் கூப்பினார்.

“வர்றேங்க மேடம்” என்றார்.